கள்ளிச்சாறு எம்மைக் காப்பாற்றுமா?

பத்திரிகை அலுவலகங்களில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைத் தயாரிப்பவர்களுக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. போர், குண்டுவெடிப்பு, பூகம்பம், ஆட்சிக்கவிழ்ப்பு என்று பக்கம் முழுவதும் துயரமே நிறைந்துவிடும். அதன் ஏதாவதொரு மூலையில் வாசகனுக்குச் சிறிதளவேனும் ஆறுதல் தரக்கூடிய செய்தி ஒன்றைச் சேர்த்துவிட வேண்டும் என்பது எமக்கு மூத்த ஆசிரியர்கள் கற்றுத்தந்த பாடம். புற்றுநோய்க்குப் புதிய மருந்து, தண்ணீரில் ஓடும் கார், பிளாஸ்டிக்கைத் தின்னும் புழு என்று எத்தனையோ செய்திகளை அந்த மூலையில் நானும் வைத்திருக்கிறேன். அவற்றில் எத்தனை பின்னர் நடைமுறைக்கு வந்தன என்று ஒருபோதும் திரும்பிப் பார்த்ததில்லை.

2019 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவ்வாறு என் மேசைக்கு வந்த செய்திதான் மெக்சிக்கோவின் கள்ளிச்செடிப் பிளாஸ்டிக். கள்ளியின் சாற்றில் இருந்து ஒரு பேராசிரியை பிளாஸ்டிக் போன்ற தாளைத் தயாரித்திருக்கிறார், அது மண்ணில் உக்கிப்போகிறது, தவறுதலாக மிருகங்கள் தின்றாலும் தீங்கில்லை என்பதே அதன் சாரம். 'பொலித்தீனுக்கு முடிவுகட்ட வருகிறது கள்ளிச்செடி' என்று தலைப்பிட்டேன். மறுநாள் காலையில் எனக்குப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, உம்முடைய பேப்பரிலை கள்ளிச்செடிச் செய்தி பார்த்தன். அப்ப இனி உந்தப் பிரச்சினை தீர்ந்துபோகும் என்ன?"

"தீரும் போலைதான் கிடக்கு, சேர்" என்று நானும் சொல்லிவைத்தேன்.

அவர் இன்று எம்மத்தியில் இல்லை. சில வாரங்களுக்கு முன்னர் ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் அதே கள்ளிச்செடி பற்றிய காணொளியை, நேற்றுத்தான் கண்டுபிடித்த விடயம் போல, வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். அன்று என் ஆசிரியருக்கு நான் கூறிய பதில் சரியானதுதானா என்பதைக் காலங்கடந்தேனும் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. அதன் விளைவே இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் கண்டுபிடிப்புக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். அதைச் செய்தவர் சண்ட்ரா பஸ்கோ ஓர்ட்டிஸ். மெக்சிக்கோவின் ஜலிஸ்கோ மாநிலத்தில், குவாதலஹாரா நகரை அடுத்துள்ள சப்போப்பானில் அமைந்திருக்கும் அட்டெமஹாக் பள்ளத்தாக்குப் பல்கலைக்கழகத்தின் இரசாயனப் பொறியியல் பேராசிரியை. 2013 ஆம் ஆண்டளவில் மாணவர்களின் ஆய்வுச் செயற்திட்டம் ஒன்றில் இருந்து தோன்றிய எண்ணத்தை அவர் விடாப்பிடியாக வளர்த்தெடுத்தார். மெக்சிக்கர்கள் நோப்பால் என்று அழைக்கும் சப்பாத்திக்கள்ளிதான் அவரது மூலப்பொருள். அச்செடியின் தட்டையான மடல்களைச் சீவி, பிழிந்து, கிடைக்கும் சாற்றைக் குளிரூட்டியில் வைத்து, அதனுடன் கிளிசரின், இயற்கை மெழுகு, புரதம் ஆகியவற்றையும் வேண்டுமானால் நிறத்தையும் சேர்த்துக் கலக்குகிறார்கள். அந்தக் கலவையைத் தட்டையான பலகையில் மெல்லியதாக ஊற்றி உலரவிட்டால் மெதுமையான தாள் ஒன்று உருவாகிறது. சேர்க்கும் பொருட்களின் அளவை மாற்றுவதன் மூலம் அதை மென்மையாகவோ விறைப்பாகவோ ஆக்கலாம். ஈர மண்ணில் ஒரு மாத காலத்திலும் தண்ணீரில் சில நாட்களிலும் அது சிதைந்துவிடும் என்று அவர் கூறுகிறார்.

இதில் மாயமந்திரம் எதுவும் கிடையாது. கள்ளி மடலை வெட்டினால் கையில் ஒட்டும் கொழகொழப்பான பசையை எமது ஊர்களில் அறியாதவர்கள் இல்லை. அந்தப் பசையில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளே உலர்ந்ததும் ஒன்றோடொன்று பின்னித் தாளாகின்றன. கிளிசரின் அந்தத் தாள் நொருங்காமல் வளைந்துகொடுக்க உதவுகிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்குச் சர்க்கரை உணவு, பொலித்தீன் உணவல்ல. உக்குவதற்கும் உக்காமல் கிடப்பதற்கும் இடையிலான வேறுபாடு அவ்வளவுதான்.

நோப்பாலைத் தெரிவுசெய்ததிலும் ஒரு விவேகம் இருக்கிறது. மக்காச்சோளத்தில் இருந்து பிளாஸ்டிக் செய்தால், வறியவரின் உணவைக் குப்பைப்பையாக மாற்றுகிறீர்களா என்ற கேள்வி எழும். நோப்பாலும் மெக்சிக்கர்களின் உணவுதான். அதன் மடலைக் கறியாகவும் பழத்தைப் பழமாகவும் உண்கிறார்கள். ஆனால், வேறு பயிர்கள் விளையாத வரண்ட நிலத்திலும் அது வளரும். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் மாத்திரம் சுவாசிக்கும் செடி என்பதால் அதற்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படுவதில்லை. செடியை அழிக்காமல் மடல்களை மாத்திரம் வெட்டியெடுத்தால் மீண்டும் துளிர்க்கும். பாம்பைக் கவ்வியபடி கழுகு அமர்ந்திருக்கும் கள்ளிச்செடியைத் தேசியக் கொடியின் நடுவே வைத்திருக்கும் நாடு, தன் வாசலில் நிற்கும் செடியிடமே தன் பிரச்சினைக்கு வழி தேடியிருக்கிறது. அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

எனது குறை அந்தப் பேராசிரியையிடம் இல்லை. அவர் அதை ஒருதடவை பாவித்து எறியும் பொருட்களுக்கான ஒரு மாற்று என்ற அளவிலேயே முன்வைத்தார். உலகின் பிளாஸ்டிக் பிரச்சினைக்கு அதை முடிவு என்று தலைப்பிட்டவர்கள் என்னைப் போன்ற பத்திரிகைக்காரர்கள்.

உலகம் 2019 ஆம் ஆண்டில், அதாவது நான் அந்தத் தலைப்பை எழுதிய அதே வருடத்தில், சுமார் 46 கோடி தொன் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தியது என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு கணிப்பிட்டிருக்கிறது. கழிவாகிய பிளாஸ்டிக்கில் 9 சதவீதம் மாத்திரமே மீள்சுழற்சி செய்யப்பட்டது. அந்த மலைக்கு எதிரே, ஆய்வுகூடத்தில் கையால் மடல் சீவி, ஒரு தாள் உலர்வதற்குச் சுமார் பத்து நாட்கள் காத்திருந்த கள்ளிச்சாற்றை நிறுத்திப்பார்த்தால் உண்மை புரியும். எண்ணெய், எரிவாயுக் கைத்தொழில்களில் இருந்து தாராளமாகக் கிடைக்கும் எதிலீனில் இருந்து விநாடிக்கு விநாடி பைகளைக் கக்கும் இயந்திரத்துடன் அது விலையில் போட்டியிட முடியாது. பொலித்தீன் பையின் விலையில் அது அடைத்த வடிகாலைத் துப்புரவு செய்யும் செலவோ, அதைத் தின்று செத்த பசுவின் பெறுமதியோ சேர்க்கப்படுவதில்லை. அந்தக் கணக்கை ஊரவரும் பிரதேச சபையும் கட்டுகிறார்கள். கணக்குப் பிழையாக இருக்கும் வரையில் கள்ளிப்பை விலைகூடியதாகவே இருக்கும். அதை எந்த விஞ்ஞானியாலும் திருத்த இயலாது.

அடுத்தது, 'உக்கும்' என்ற சொல்லைப் பற்றியது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்களான இமொஜன் நப்பரும் ரிச்சர்ட் தொம்சனும் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வை இங்கு நினைவூட்ட வேண்டும். கடைகளில் கிடைத்த பல்வேறு வகைப் பைகளை அவர்கள் மண்ணில் புதைத்தார்கள். கடல்நீரிலும் திறந்த வெளியிலும் போட்டார்கள். மூன்று வருடங்களின் பின்னர், 'உக்கக்கூடியது' என்ற அடையாளத்துடன் விற்கப்பட்ட பை மண்ணில் இருந்தும் கடலில் இருந்தும் எடுக்கப்பட்டபோது, அதில் சாமான்களைப் போட்டுத் தூக்கிச் செல்லக்கூடியதாக இருந்தது. மக்காச்சோளம் போன்றவற்றில் இருந்து பெறப்படும் பொலிலக்ரிக் அமிலப் பிளாஸ்டிக்கும் வீட்டுக் கோடியில் வீசினால் இலகுவில் உக்காது. ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தைத் தொடர்ச்சியாகப் பேணும் பெரிய கூட்டெரு நிலையங்கள் அதற்குத் தேவை. எமது ஊர்களில் எத்தனை உள்ளூராட்சி சபைகளிடம் அத்தகைய நிலையங்கள் இருக்கின்றன? எந்த மண்ணில், எந்த வெப்பத்தில், எத்தனை நாட்களில் என்ற விபரங்கள் இல்லாவிட்டால் 'உக்கும்' என்பது விளம்பர வாசகத்துக்கு மேல் எதுவுமில்லை. கள்ளித்தாள் இந்தச் சோதனையில் தேறக்கூடியது என்றே நம்புகிறேன். ஆனால், நாளை அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு சந்தைக்கு வரக்கூடிய போலிகளை எவ்வாறு பிரித்தறியப் போகிறோம்?

இவையெல்லாம் காலப்போக்கில் தீர்க்கப்படக்கூடியவை என்று எவரும் வாதிடலாம். ஒப்புக்கொள்கிறேன். என்னை உறுத்துவது வேறொன்று. எமக்கு வாய்த்த இரட்சகர்களின் வரலாறு அது.

பிளாஸ்டிக்கும் ஒரு காலத்தில் இரட்சகனாகவே வந்தது. 1860 களில் பில்லியர்ட் பந்துகளைச் செய்வதற்கு யானைத்தந்தம் தேவைப்பட்டது. தந்தம் அருகிப்போவதைக் கண்ட நியூயோர்க் நிறுவனம் ஒன்று, அதற்கு மாற்றைக் கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டொலர் சன்மானம் அறிவித்தது. அந்தத் தேடலில் இறங்கிய ஜோன் வெஸ்லி ஹயட் 1869 அளவில் உருவாக்கியதே செலுலொயிட். காடுகளில் யானைகள் இனி நிம்மதியாக வாழும் என்று அக்காலத்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அன்றைய இலங்கையிலும் யானைகளின் நிலை பரிதாபமானதாகவே இருந்தது. தந்தத்துக்காக அன்றி, அரசாங்கம் தலைக்கு இவ்வளவு என்று அறிவித்த வெகுமதிக்காக, 1848 க்கு முந்திய மூன்று வருடங்களுக்கும் குறைவான காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக, குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளியான தமது நூலில் பதிவுசெய்திருக்கிறார்.

அதே இலங்கையில், அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடங்களில் சுமார் இருபது யானைகள் இறந்துவிட்டன என்ற செய்தி 2022 ஜனவரியில் உலகெங்கும் வெளியானது. இறந்த யானைகளின் வயிற்றில் பொலித்தீனும் உணவுப் பொதிகளின் உறைகளுமே பெருமளவில் கிடந்தன. யானையின் உயிருக்கு ஆறுதலாக வரவேற்கப்பட்ட பொருளின் வழித்தோன்றல் யானையின் வயிற்றிலேயே போய் முடிந்திருக்கிறது.

பொலித்தீன் பையின் கதையும் இதுதான். 1933 இல் இங்கிலாந்தின் நோர்த்விச் நகருக்கு அருகே ஓர் இரசாயன ஆய்வுகூடத்தில் தற்செயலாகப் பிறந்தது பொலித்தீன். இன்று நாம் சொப்பிங் பை என்று அழைக்கும் கைபிடியுள்ள பையை வடிவமைத்து 1965 இல் காப்புரிமை பெற்றது சுவீடனின் செலோபிளாஸ்ட் நிறுவனம்; வடிவமைத்தவர் ஸ்டென் குஸ்தாவ் துலின். காகிதப் பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைப்பதே தந்தையின் நோக்கமாக இருந்தது என்றும், அந்தப் பையை மடித்துத் தமது பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாவித்தார் என்றும் அவரது மகன் 2019 இல் பி.பி.சி.யிடம் கூறியிருந்தார். கண்டுபிடித்தவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நாம் வீதியோரத்தில் எறிந்தோம். குற்றம் பையிடமா, கையிடமா?

சப்பாத்திக்கள்ளியும் இதற்கு விதிவிலக்கல்ல. எமது நாடுகளுக்கும் அது ஒரு காலத்தில் பெரும் நம்பிக்கையாகவே வந்துசேர்ந்தது. நோப்பாலில் வாழும் கொச்சினீல் பூச்சியில் இருந்து கிடைத்த செஞ்சாயம் ஸ்பெயினுக்குப் பெருஞ்செல்வத்தைத் தேடிக்கொடுத்தது. அந்த ஏகபோகத்தை உடைக்க விரும்பிய கிழக்கிந்தியக் கம்பனி, சென்னையில் வைத்தியராகப் பணியாற்றிய ஜேம்ஸ் அன்டர்சனின் முயற்சியால் 18 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித்தோட்டத்தையே அமைத்தது. 1795 இல் பிரேசிலில் இருந்து பூச்சியும் வந்தது. ஆனால், அது எதிர்பார்த்த உயர்தரச் சாயப்பூச்சி அல்ல. தரங்குறைந்த வேறோர் இனம். சாயத் தொழில் படுத்துவிட்டது. அந்தப் பூச்சியோ நாட்டில் பரவியிருந்த ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்துவிட, 1836 அளவில் தென்னிந்தியாவிலும் 1865 ஐ அடுத்து இலங்கையிலும் கள்ளியை ஒழிப்பதற்கே அதைப் பயன்படுத்தினார்கள். களையொன்றை ஒழிக்கப் பூச்சியைப் பயன்படுத்தி வெற்றிகண்ட உலகின் முதல் முயற்சியாக அது கருதப்படுகிறது.

அதன் இன்னோர் இனம், நாம் நாகதாளி என்று அழைப்பது, இன்றும் எம்மை விட்டபாடில்லை. இலங்கையின் முதலாவது ரம்சார் ஈரநிலமான புந்தல தேசிய பூங்காவில் மணற்குன்றுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் நூற்றுக்கணக்கான ஹெக்டேயர் பரப்பில் அது மூடியிருக்கிறது. அம்பாந்தோட்டையில் இருந்து யால வரையிலான கரையோரத்தில் மனிதரோ மிருகமோ நுழைய முடியாத புதர்களும் உண்டு. குரங்குகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. வெட்டிப்போட்ட மடல் விழுந்த இடத்தில் வேரூன்றி மீண்டும் முளைக்கிறது.

இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. மருமகன் அனுப்பிய காணொளியின் கீழே, 'எங்கட நாட்டிலையும் கள்ளி எக்கச்சக்கமா நிக்குது, நாங்களும் செய்யலாம்தானே?' என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்துடன் எழுதப்பட்ட வாசகம். காட்டில் பரவி நிற்கும் நாகதாளியை வெட்டியெடுத்து ஆராய்வதை எவரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. ஆனால், மெக்சிக்கோவில் சொந்த மண்ணில் நிற்கும் செடி இங்கு ஆக்கிரமிப்பாளன். இலாபம் தருகிறது என்று கண்டதும் அதைப் பயிரிடச் சொல்லும் ஒரு முதலீட்டாளர் வருவார். சைதாப்பேட்டைத் தோட்டம் எவ்வாறு முடிந்தது என்பதை அறிந்தவர்கள் அவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அப்படியானால், கள்ளித்தாளைத் தூக்கியெறிந்துவிடலாமா? நிச்சயமாக இல்லை. தவிர்க்க முடியாத சில தேவைகள் எப்போதும் இருக்கும். அவற்றுக்கு உண்மையாகவே உக்கும் பொருள் ஒன்று கிடைக்குமானால் அதை இருகரம் நீட்டி வரவேற்க வேண்டும். ஆனால், அத்தகைய பொருளுக்குச் சந்தையில் இடம்பிடித்துக் கொடுக்கக்கூடியது சட்டம் மாத்திரமே. மெக்சிக்கோ நகரம் 2020 ஜனவரி முதலாம் திகதி பிளாஸ்டிக் பைகளையும் மறுவருடம் ஒருதடவை பாவனைக்குரிய ஏனைய பல பிளாஸ்டிக் பொருட்களையும் தடைசெய்தது. உக்கும் பைகளுக்கு அச்சட்டம் இடமளித்தது. சண்ட்ரா பஸ்கோ போன்றவர்களின் ஆய்வுக்கு உண்மையான பெறுமதி கிடைக்க வேண்டுமானால் அத்தகைய தடைகள் ஒழுங்காக நடைமுறைப்படுத்தப்பட வேண்டும்.

இலங்கை கற்றுத்தந்த பாடம் இன்னும் கசப்பானது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லயில் குப்பைமலை சரிந்து 32 பேர் உயிரிழந்தார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பின்னரே செப்டெம்பரில் லன்ச் சீற், ரெஜிபோம் பெட்டி, மெல்லிய பொலித்தீன் பைகள் மீதான தடை நடைமுறைக்கு வந்தது. வர்த்தமானியில் தடை வந்த பின்னரும் எத்தனை வருடங்கள் சாப்பாட்டுக் கடைகளில் சோற்றுப் பொதி பொலித்தீனிலேயே சுற்றப்பட்டது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உலக மட்டத்திலும் நிலைமை வேறில்லை. பிளாஸ்டிக் மாசைக் கட்டுப்படுத்த உடன்படிக்கை ஒன்றைச் செய்வதென்று நாடுகள் 2022 மார்ச்சில் நைரோபியில் தீர்மானித்தன. உற்பத்திக்கு வரம்பு விதிப்பதா, கழிவை மாத்திரம் முகாமை செய்வதா என்ற தகராறினால், 2024 இறுதியில் பூசானில் நடந்த பேச்சும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த பேச்சும் இணக்கமின்றி முடிந்தன. எண்ணெய் வளநாடுகள் எந்தப் பக்கம் நின்றன என்பதை ஊகிப்பது கடினமல்ல. உற்பத்தியில் கைவைக்க வேண்டாம், நாளை ஏதாவது மாற்றுக் கண்டுபிடிக்கப்படும் என்ற வாதத்துக்கு எமது மூலைச் செய்திகள் எவ்வளவு வசதியாக அமைந்திருக்கின்றன என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஆறுதல் என்று கருதி நாம் கொடுத்தது சில வேளைகளில் தூக்கமாத்திரையாகவும் இருந்திருக்கிறது.

எனது சிறுவயதில் அம்மா சந்தைக்கு அனுப்பும்போது பனையோலை உமல் ஒன்றைத் தருவார். மீன் வாங்கிவந்து கழுவி வேலியில் காயப்போடுவோம். அது கிழிந்தால் பொத்திப் பாவிப்போம்; பொத்த முடியாமற் போனால் தென்னையடியில் போட்டுவிடுவோம். அந்தக் காலத்துக்கு மீண்டும் போய்விடலாம் என்று கூறுமளவுக்கு நான் அப்பாவி இல்லை; உமல் பின்னத் தெரிந்த கைகளும் அருகிவிட்டன. ஆனால், அந்த உமல் உக்கும் பொருளாக இருந்தது மாத்திரம் அதன் சிறப்பல்ல. அதை எறிவதற்கு எவருக்கும் மனம் வரவில்லை என்பதே பெரிது. கள்ளிச்சாற்றினால் உமலின் முதலாவது குணத்தைத் தரமுடியும். இரண்டாவதை எந்த ஆய்வுகூடமும் தயாரித்துத் தரப்போவதில்லை.

அன்று என் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு இன்று பதில் கூறக் கிடைத்திருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பேன்: "சேர், அந்த அம்மா கண்டுபிடிச்சது நல்ல சாமான்தான். தலைப்புத்தான் பிழை. அது நான் போட்டது."